வரம்பில் ஒரு வலை

மார்கழி மாதத்து விடியற்காலையில், பனி விலகுவதற்கு முன்னர், கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயலொன்றின் வரம்பில் நடந்து பாருங்கள். முழங்காலில் மெல்லிய நூலொன்று பட்டு அறுவதை உணர்வீர்கள். குனிந்து பார்த்தால், நெற்பயிரின் நுனிகளுக்கிடையே பனித்துளிகள் கோத்த வட்ட வலைகள் தெரியும். ஒன்றல்ல, இரண்டல்ல; வரம்பு நெடுகிலும் தெரியும். வெயில் ஏறியதும் பனி காய்ந்துவிடும். வலைகள் கண்ணிலிருந்து மறைந்துவிடும். ஆனால் அவை அங்கேதான் இருக்கின்றன.

நாம் வயலுக்குப் போவது பெரும்பாலும் வெயில் ஏறிய பின்னர்தான். அப்பொழுது பயிரில் இருக்கும் தத்தியும் புழுவும் கண்ணிற் படுகின்றன. அவற்றைப் பிடித்துத் தின்னும் காவற்காரன் கண்ணிற் படுவதில்லை. உடனே தெளிகருவியைத் தோளில் மாட்டுகிறோம். பீடையோடு காவற்காரனும் மடிந்துபோகிறான். இக்கட்டுரை அந்தக் காவற்காரனைப் பற்றியது.

இதனை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. மன்னார் மாவட்டத்துக் கமக்காரக் குடும்பங்களிற் பல, ஒரு தலைமுறைக் காலம் வயலைப் பிரிந்து வாழ்ந்தவை. 1990இல் இம்மாவட்டத்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டு, அவர்களிற் பெரும்பாலோர் புத்தளத்தில் வாழ நேர்ந்தது. அதே ஆண்டிலிருந்து மடு ஆலய வளவு ஆயிரக்கணக்கானோருக்கு அடைக்கலமாயிற்று. 2007இலும் 2008இலும் முசலிப் பக்கத்திலிருந்தும் அடம்பன், மாந்தைப் பக்கத்திலிருந்தும் மக்கள் மீண்டும் ஓடினார்கள். அவர்களிற் பலர் வன்னியெங்கும் அலைந்து, 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிற் போய்ச் சேர்ந்தார்கள். அம்முகாம் 2012இல் மூடப்பட்டது. திரும்பி வந்தவர்கள் கண்டது வயலை அல்ல, உடைமரமும் முட்பற்றையும் மண்டிய காட்டை. மிதிவெடி அகற்றும்வரை அதிலும் கால் வைக்க முடியவில்லை. சொந்தக் காணிக்குப் போக முடியாமல் பிறர் காணியிற் குத்தகைக்கு விதைப்பவர்களும் எம்மிடையே உள்ளனர்.

இந்த இழப்பில் கணக்கில் வராத ஒன்று உண்டு. கமம் என்பது தகப்பனின் பின்னால் வரம்பில் நடந்து கற்கின்ற பாடம். முகாமில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பாடம் கிடைக்கவில்லை. எந்தப் பூச்சி பகை, எந்தப் பூச்சி உறவு என்று சொல்லிக் கொடுக்க வேண்டிய கிழவர் பலர் இன்று இல்லை. அந்த இடத்தில் இப்போது மருந்துக் கடைப் போத்தலே வாத்தியாராக இருக்கிறது. கடன்பட்டு விதைக்கின்ற குடும்பத்துக்கு, தேவையற்ற ஒவ்வொரு போத்தலும் இன்னொரு கடன். ஆகவே விடுபட்ட பாடத்தில் ஒரு பக்கத்தையாவது இங்கே படிப்போம்.

சிலந்தி பூச்சி அல்ல

எட்டுக்காற் பூச்சி என்று சொன்னாலும், சிலந்தி பூச்சியினத்தைச் சேர்ந்ததல்ல. பூச்சிக்கு ஆறு கால்கள். உடல் தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதியாக இருக்கும். பெரும்பாலானவற்றுக்குச் சிறகும் உணர்கொம்பும் உண்டு. சிலந்திக்கு எட்டுக் கால்கள். தலையும் மார்பும் ஒன்றாய் இணைந்திருக்கும். அதன் பின்னால் வயிறு. சிறகும் இல்லை, உணர்கொம்பும் இல்லை. தேளும் உண்ணியும் இதன் உறவினர்கள்.

உலகில் இதுவரை 50,000க்கும் அதிகமான சிலந்தி இனங்கள் பெயரிடப்பட்டுள்ளன. இலங்கையில் மட்டும் 500க்கு மேல் உள்ளன. எல்லாச் சிலந்திகளும் வலை கட்டுவதில்லை. வயலில் ஓடித் திரிந்து இரை பிடிக்கும் ஓநாய்ச் சிலந்தியும், இலையிலிருந்து பாய்ந்து பிடிக்கும் சிலந்தியும் வலை கட்டாதவை. வலை கட்டுபவற்றுள் சக்கரம் போன்ற வட்ட வலை கட்டும் இரண்டு குடும்பங்கள் நெல்வயலுக்கு முக்கியமானவை.

முதலாவது, நீள்தாடைச் சிலந்திக் குடும்பம். ஒல்லியான நீண்ட உடல், குச்சி போன்ற நீண்ட கால்கள், முன்னோக்கி நீட்டிய பெரிய தாடைகள் என்பன இதன் அடையாளம். இவை ஈரத்தை விரும்புவன. வாய்க்காலோரத்திலும் தண்ணீர் நிற்கும் வயலிலும், பயிருக்கு மேலே சரிவாகவோ கிடையாகவோ வலை கட்டும். பகலில் நெல் இலையோடு இலையாக, முன்னங்கால்களை முன்னுக்கும் பின்னங்கால்களைப் பின்னுக்கும் நீட்டிப் படுத்துக் கிடக்கும். இலையின் நரம்பென்றே எண்ணி நாம் கடந்து போவோம். பொழுது சாய்ந்த பின்னர்தான் அது வலையின் நடுவுக்கு வரும்.

இரண்டாவது, வட்டவலைச் சிலந்திக் குடும்பம். இவை பருத்த வயிறு உடையவை; வலையைச் செங்குத்தாகக் கட்டுபவை. வரம்புப் புல்லிலும் வேலியிலும் அதிகம் காணலாம். இவற்றுள் ஒன்றை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். வயிற்றில் மஞ்சளும் கபிலமும் கலந்த பட்டைகள். எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் அடையாளம் போல வைத்துக்கொண்டு, தலைகீழாகப் பட்டப்பகலில் வலையின் நடுவில் இருக்கும். வலையிலே வெள்ளை நூலால் கோணற் கோடுகள் இழைத்திருக்கும். அந்தக் கோடுகள் பூச்சிகளைக் கவர்வதற்கு என்றும், பறவைகள் வலையில் மோதாமல் எச்சரிப்பதற்கு என்றும் ஆய்வாளர்களிடையே பல கருத்துகள் உண்டு.

வலை கட்டும் விதம்

பேசாலையிலும் வங்காலையிலும் மீனவர் வலை பின்னுவதைப் பார்த்தவர்களுக்குச் சிலந்தியின் வேலை எளிதில் விளங்கும். மீனவர் நூலைக் கடையில் வாங்குகிறார். சிலந்தி தன் வயிற்றிலேயே நூலைச் செய்கிறது. வயிற்றினுள் பல சுரப்பிகள் உள்ளன. அவற்றில் இருப்பது புரதத்தாலான ஒரு திரவம். வயிற்றின் கடைசியில் உள்ள சிறு முளைகளின் வழியாக இழுபடும்போது அது இறுகி நூலாகிறது. எடைக்கு எடை பார்த்தால் அந்த நூல் உருக்குக் கம்பியிலும் வலியது. சட்டத்துக்கு ஒருவகை நூல், ஒட்டுவதற்கு ஒருவகை, இரையைச் சுற்றுவதற்கு ஒருவகை, முட்டையைப் பொதிவதற்கு ஒருவகை எனத் தேவைக்கேற்ப வெவ்வேறு நூலை அது நூற்கிறது.

முதலில் ஒரு நூலைக் காற்றில் விடும். காற்று அதைக் கொண்டுபோய் எதிரே உள்ள பயிரில் ஒட்ட வைக்கும். அதுவே பாலம். அதன் மேல் நடந்து, நடுவிலிருந்து கீழே இறங்கி, வேறு சட்ட நூல்களைக் கட்டும். பின்னர் நடுவிலிருந்து நாலா பக்கமும் வண்டிச் சில்லின் ஆரங்களைப் போல நூல் இழுக்கும். அதன்பின் நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றி ஒட்டாத நூலொன்றை இடும். இது கொத்தனார் கட்டும் சாரத்தைப் போன்றது. கடைசியாக வெளியிலிருந்து உள்ளே திரும்பி வந்து, பசை பூசிய நூலைச் சுற்றும். சுற்றிக்கொண்டே சாரத்தை அவிழ்த்துவிடும். ஒரு மணித்தியாலத்துக்குள் இத்தனை வேலையும் முடிந்துவிடும். இதைச் செய்யக் கண் வேண்டியதில்லை. வட்ட வலை கட்டும் சிலந்திகளுக்குப் பார்வை மிகக் குறைவு. இருட்டில், கால்களால் தடவி அளந்தே அவை கட்டுகின்றன.

பசை ஒரு நாளைக்கு மேல் நன்றாக ஒட்டாது. தூசியும் மழையும் காற்றும் வலையைக் கெடுக்கும். ஆகவே இவற்றுட் பல, நாள்தோறும் பழைய வலையை அவிழ்த்துத் தின்றுவிட்டுப் புதிதாகக் கட்டுகின்றன. தின்ற நூல் மீண்டும் நூலாகிறது. ஒன்றும் வீணாவதில்லை. காற்றுப் பலத்தால் வலையைச் சிறிதாக்கிக் கட்டும் வழக்கமும் உண்டு. வாடைக் காற்று வீசும் எமது கரையோரத்தில் இதனை நீங்களே கவனிக்கலாம்.

இரை பிடித்தல்

வலையின் நடுவிலிருக்கும் சிலந்தி, ஆர நூல்களின் மேல் கால்களை வைத்துக்கொண்டு காத்திருக்கும். தத்தியோ அந்துப்பூச்சியோ வலையில் விழுந்து துடித்தால், எந்தத் திசையில், எவ்வளவு பெரிய இரை என்பதை அதிர்விலிருந்தே அறிந்துகொள்ளும். வட்டவலைச் சிலந்தி பெரும்பாலும் முதலில் நூலால் சுற்றிக் கட்டிய பின்னர் கடிக்கும். நீள்தாடைச் சிலந்தி தன் பெரிய தாடையால் முதலில் கடித்துப் பிடித்துக்கொள்ளும். கடிக்கும்போது நஞ்சு ஏறி இரை அடங்கும்.

சிலந்தி இரையை மென்று விழுங்குவதில்லை. சமிபாட்டுச் சாற்றை இரையின் மேல் விட்டு, உள்ளே உள்ளதைக் கரைத்து, கஞ்சி குடிப்பது போல உறிஞ்சும். எஞ்சுவது வெறுங் கூடு. வலையில் அல்லது வலைக்குக் கீழே அவ்வாறான கூடுகளைக் கண்டால், என்ன பூச்சி என்று பாருங்கள். உங்கள் வயலில் இரவிற் பறந்தது எது என்பதை அது காட்டித் தரும்.

உலகிலுள்ள சிலந்திகள் யாவும் சேர்ந்து ஆண்டொன்றுக்கு 400 முதல் 800 மில்லியன் தொன் வரையான இரையைத் தின்பதாக 2017இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. அதிற் பெரும்பங்கு பூச்சிகள்.

பிறப்பும் பயணமும்

பெண் சிலந்தி பெரியது; ஆண் சிறியது. வட்டவலைக் குடும்பத்தில் ஆண், பெண்ணின் வலையோரத்துக்கு வந்து நூலை மெதுவாக இழுத்து அசைத்து, தான் இரையல்ல என்று அறிவிக்கும். அப்படியிருந்தும் சில வேளை தின்னப்பட்டுவிடும். நீள்தாடைக் குடும்பத்தில் ஆண் தன் தாடைகளாற் பெண்ணின் தாடைகளைப் பூட்டிப் பிடித்துக்கொள்ளும். பூட்டியிருக்கும்வரை கடி இல்லை.

நெல்வயல் நீள்தாடைச் சிலந்தியின் ஆயுள் ஒன்று முதல் மூன்று மாதம். அதற்குள் பெண் 100 முதல் 200 முட்டைகள் வரை இடும். அவற்றைப் பட்டு நூலாற் பொதிந்து இலையில் ஒட்டிவிடும். இலையில் பஞ்சு போல ஒட்டிக்கொண்டிருப்பதைப் புழுக்கூடு என்று நினைத்து நசுக்குபவர்கள் பலர். நசுக்குமுன் சற்றுப் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

குஞ்சுகளுக்குச் சிறகில்லை; ஆயினும் அவை பறக்கும். புல்லின் நுனிக்கு ஏறி, வயிற்றை மேலே தூக்கி, நூலொன்றைக் காற்றில் விடும். காற்று அந்த நூலையும் அதன் முனையிலுள்ள குஞ்சையும் தூக்கிச் செல்லும். வானிலுள்ள மின்புலமும் இதற்கு உதவுகிறது என்பதை 2018இல் இங்கிலாந்தின் பிறிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர் காட்டினார்கள். சில குஞ்சுகள் அடுத்த வரம்பில் இறங்கும். சில கடலையும் கடக்கும்.

1883ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் இந்தோனேசியாவின் கிரக்கட்டோவாத் தீவில் எரிமலை வெடித்தது. தீவின் பெரும்பகுதி அழிந்தது. எஞ்சிய நிலத்தைச் சாம்பல் மூடிற்று. ஒன்பது மாதங்களின் பின், 1884 மே மாதத்தில், அங்கே போன பிரெஞ்சுப் பயணி எட்மண்ட் கொத்தோ தேடித் தேடிக் கண்ட ஒரே உயிர், வலை கட்டிக்கொண்டிருந்த மிகச் சிறிய சிலந்தி ஒன்றுதான். எரிந்துபோன நிலத்துக்கு முதலிற் திரும்பி வருபவற்றுள் சிலந்தியும் ஒன்று. எமது தரிசு நிலங்களுக்கும் அது இவ்வாறே வருகிறது. விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. வந்ததை இருக்கவிட வேண்டியதே எமது பங்கு.

வயலில் அதன் வேலை

இலங்கையின் நீர்ப்பாசன வயல்களில், ஆய்வாளர்களான பம்பரதெனியாவும் எதிரிசிங்கவும் உயிரினங்களைக் கணக்கெடுத்தார்கள். பூச்சி, சிலந்தி முதலிய கணுக்காலிகள் மட்டும் 405 இனங்கள் அங்கே இருந்தன. அவற்றுள் நெல்லுக்குப் பீடையானவை 55. பீடைகளைத் தின்னும் அல்லது அழிக்கும் இயற்கை எதிரிகள் 200. பீடை ஒன்றுக்கு மூன்றுக்கு மேற்பட்ட எதிரி இனங்கள்! அந்த 200இற் சிலந்திகளுக்கும் முக்கிய இடமுண்டு. இந்நாட்டிலேயே நீர் பாயும் வயல்களில் கண்ட இந்த நிலை எமக்கும் தூரமானதல்ல.

பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1987இல் வெளியிட்ட கைந்நூலின்படி, நீள்தாடைச் சிலந்தி ஒன்று நாளொன்றுக்கு இரண்டு மூன்று இரைகளைத் தின்னும். வலை கட்டாத ஓநாய்ச் சிலந்தி ஐந்து முதல் பதினைந்து வரை தின்னும். இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. வலைச் சிலந்தி மேலே பறக்கும் பச்சைத் தத்தியையும் அந்துப்பூச்சிகளையும் ஈக்களையும் பிடிக்கிறது. ஓநாய்ச் சிலந்தி பயிரின் அடியிலே மொய்க்கும் கபிலநிறத் தத்தியை, அதாவது நாம் அறக்கொட்டியான் என்று சொல்வதை, பிடிக்கிறது. மேல்வீட்டுக்கு ஒரு காவல், கீழ்வீட்டுக்கு ஒரு காவல்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. விதைத்துச் சில கிழமைகளில் வயலிற் பறக்கும் சிறு ஈக்களும் கொசு போன்றவையும் பெரும்பாலும் பயிருக்குத் தீங்கு செய்யாதவை. உக்கிய சருகில் வளர்பவை. சிலந்திகள் முதலில் இவற்றைத் தின்றே பெருகுகின்றன. இந்தோனேசியாவின் ஜாவாத் தீவு வயல்களில் நடந்து 1996இல் வெளியான ஆய்வு இதனை விளக்கிற்று. பீடை வரும்போது சிலந்திப் படை ஏற்கெனவே ஆயத்தமாக இருக்கும். ஆனால் "பூச்சி பறக்கிறது" என்று இருபதாம் நாளில் மருந்து அடித்தால் என்ன நடக்கும்? ஈயும் சாகும், சிலந்தியும் சாகும். அறக்கொட்டியான் பின்னர் வெளியிலிருந்து பறந்து வரும். அதன் முட்டையோ இலைமடலுக்குள் மருந்து படாமல் இருக்கும். அது விரைவாகப் பெருகும். தடுக்க ஆளில்லை. இரண்டாம் முறை மருந்து, மூன்றாம் முறை மருந்து என்று செலவு ஏறும். வயல் வட்டம் வட்டமாகக் கருகும்.

இந்தோனேசியா இதனை ஒரு நாடாகவே அனுபவித்தது. மருந்து கூடக்கூட அறக்கொட்டியானும் கூடியது. 1986இல் அந்நாட்டு அரசு 57 வகைக் கிருமிநாசினிகளை நெல்லுக்குப் பாவிப்பதைத் தடை செய்து, வயலைக் கவனித்துத் தீர்மானிக்கும் முறையைக் கமக்காரருக்குப் பயிற்றுவித்தது. நெல் விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை. வியட்நாமின் மேகொங் கழிமுகத்தில் 1994இல் தொடங்கிய இயக்கம், முதல் நாற்பது நாளும் கிருமிநாசினி விசிறாமல் உங்கள் வயலிலேயே பரீட்சித்துப் பாருங்கள் என்று கமக்காரரைக் கேட்டுக்கொண்டது. பரீட்சித்தவர்கள் விளைச்சல் குறையாததைக் கண்டு, பின்னர் தாமாகவே விசிறுவதைக் குறைத்தார்கள். இளம் பயிர் சில இலைகளை இழந்தாலும் மட்டம் வெடித்து அதை ஈடுசெய்துகொள்ளும் என்பதே இதன் காரணம்.

சிலந்தியால் முடியாதவை

சிலந்தியை மந்திரவாதி ஆக்கிவிடக் கூடாது. அது பீடை என்றும் உறவு என்றும் பார்ப்பதில்லை. வலையில் விழுவதைத் தின்னும். தேனீயும் தும்பியும் அதற்கு இரைதான். தண்டினுள்ளே புகுந்துவிட்ட துளைப்பான் புழுவை அதனாற் பிடிக்க முடியாது. சிறகு முளைக்காத அறக்கொட்டியான் பயிரின் அடியிலேயே இருப்பதால், மேலே கட்டிய வலையில் விழாது. யூரியாவை அளவுக்கு மிஞ்சிப் போட்டுத் தத்தியை வளர்த்துவிட்டு, சிலந்தி காக்கட்டும் என்று இருந்தாலும் அது நடவாது. சில ஆண்டுகளில் பீடை எல்லை மீறத்தான் செய்யும். அப்போது மருந்து தேவைப்படலாம். அது எப்போது என்பதைக் கடைக்காரரிடம் அல்ல, கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரிடம் வயலைக் காட்டிக் கேட்க வேண்டும்.

பயப்பட வேண்டுமா?

வரம்பு வெட்டும்போது வலை முகத்தில் பட்டால் பிள்ளைகள் அலறுவார்கள். வயலில் வலை கட்டும் சிலந்திகள் மனிதரைத் தேடிக் கடிப்பதில்லை. கையில் வைத்து நசுக்கினால் கடிக்கலாம். குளவி கொட்டியது போல வலித்து மாறிவிடும். தோலில் வரும் கொப்புளத்துக்கெல்லாம் சிலந்தியைக் குற்றஞ்சாட்டி வீட்டு வைத்தியத்தோடு நின்றுவிடாமல், மருத்துவரிடம் காட்டுங்கள்.

வட மாகாணத்தில் வேறொரு பெரிய சிலந்தியும் உண்டு. மரப்பொந்துகளில் வாழும் மயிர் அடர்ந்த அச்சிலந்தி மாங்குளம் பகுதியில் 2009இல் கிடைத்து, 2012இல் புதிய இனமாகப் பெயரிடப்பட்டது. கால்களை விரித்தால் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவு இருக்கும். அது வட்ட வலை கட்டும் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. அதைக் கையால் தொடாதீர்கள். அடித்துக் கொல்லவும் வேண்டாம். முதிர்ந்த மரங்கள் குறைந்துவருவதால் அதற்கும் இருப்பிடம் குறைந்து வருகிறது.

நாம் செய்யக்கூடியவை

இவற்றிற் பெரும்பாலானவற்றுக்குப் பணச் செலவில்லை.

1. விதைத்து முதல் நாற்பது நாளும் கிருமிநாசினி விசிறாதிருக்க முயலுங்கள். முழு வயலிலும் துணிவில்லையென்றால், இந்தக் காலபோகத்தில் ஒரு வயற்துண்டில் மட்டும் பரீட்சியுங்கள்.

2. வரம்புப் புல்லை அடியோடு செதுக்காதீர்கள், ஒரே நாளில் எல்லா வரம்பையும் எரிக்காதீர்கள். அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையிலான நீண்ட வறட்சியில், சிலந்திக்கு வீடு வரம்பும் வாய்க்காற்கரையும் பற்றையுந்தான். ஒரு பக்கத்து வரம்பை இம்முறை துப்புரவாக்கினால், மறுபக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

3. சூடடித்த பின் வைக்கோலைக் கொளுத்தாதீர்கள். சில கற்றைகளை வரம்பில் ஆங்காங்கே போட்டுவிட்டால், வயல் காயும்போதும் உழும்போதும் சிலந்திகள் அதனுள் ஒதுங்கும். மிகுதி வயலில் உக்கிப் பசளையாகும்; ஈக்கள் வளரும்; சிலந்திக்கு ஆரம்ப உணவு கிடைக்கும்.

4. யூரியாவைச் சிபாரிசு செய்த அளவுக்கு மேல் இடாதீர்கள்.

5. மருந்து தவிர்க்க முடியாததாயின், தாக்கம் கண்ட இடத்துக்கு மட்டும் விசிறுங்கள். வரம்பின் மேல் விசிறாதீர்கள். காற்றுக்கு எதிரே நின்று விசிறாதீர்கள். மிஞ்சிய போத்தலை வீட்டினுள் கண்ட இடத்தில் வையாமல், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்திற் பூட்டி வையுங்கள்.

6. கிழமைக்கு ஒருமுறை வலைகளை எண்ணுங்கள். இது பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை. விடியற்காலையில், பனி இருக்கும்போது, ஒரே வரம்பில் இருபது எட்டு நடந்து, இருபுறமும் தெரியும் வலைகளை எண்ணி அப்பியாசக் கொப்பியில் திகதியோடு எழுதட்டும். அதே நாளில் பத்து இடங்களில் பயிரை விரித்து அடியில் உள்ள தத்திகளையும் எண்ணட்டும். வலைக் கணக்கு ஏறுவதும் தத்திக் கணக்கு நிற்பதும் தெரிந்தால் பொறுத்திருக்கலாம். தத்தி கிழமைக்குக் கிழமை ஏறினால் விவசாயப் போதனாசிரியருக்கு அந்தக் கொப்பியைக் காட்டுங்கள். வயலைக் கற்காத பிள்ளை வயலைக் கற்பதற்கு இதுவும் ஒரு வழி.

சிறியதன் வீடு

மன்னாரில் ஒன்றாய் வாழும் மூன்று சமயத்தவரும் சிலந்தியை அறிவார்கள். திருவானைக்காவில் சிவலிங்கத்தின் மேல் சருகு விழாதபடி வலை கட்டிக் காத்த சிலந்தி, மறுபிறப்பிற் கோச்செங்கட் சோழனாய்ப் பிறந்ததாகச் சைவர் சொல்வர். திருக்குர்ஆனின் 29ஆம் அத்தியாயத்துக்குப் பெயரே சிலந்தி என்பது. வீடுகளில் மிக நொய்யது சிலந்தியின் வீடு என்று அது எடுத்துக்காட்டும். விவிலியத்தின் யோபு நூலும் நிலைக்காத நம்பிக்கைக்குச் சிலந்தி வலையையே உவமை சொல்கிறது.

சிலந்தியின் வீடு நொய்யதுதான். மாடு நடந்தால் அறும். மழை பெய்தால் அறும். கொட்டிலும் கூரைத்தகடும் தறப்பாளுமாகப் பலமுறை வீடு மாறிய எமக்கு அது புதிய செய்தியல்ல. ஆனால் அறுந்த அன்றிரவே, அறுந்த நூலையும் தின்று, அதே இடத்தில் அது மீண்டும் கட்டுகிறது. அடுத்த நாள் எமது பயிருக்கு அதுவே காவல்.

இந்தப் போகத்தில் மருந்து வாங்கக் காசு எடுத்துக்கொண்டு புறப்படுமுன், ஒரு விடியற்காலை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரம்புக்குப் போய் வாருங்கள். வெயில் ஏறுமுன் போங்கள். எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.